தலையெழுத்தும் கையெழுத்தும்

தமிழர் நாவில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் தலையெழுத்து என்பதும் ஒன்று. பிள்ளை தேர்வில் தவறினால் தலையெழுத்து. பெண்ணுக்கு வாய்த்த கணவன் குடிகாரனாயின் தலையெழுத்து. நான்கு நாள் தொடர்ந்து மழை பெய்து பால்மரக் காட்டில் வேலை நின்றால் அதுவும் தலையெழுத்து. விதி, ஊழ், பால், முறை, நியதி எனப் புலவர்கள் பல பெயரிட்டு ஆராய்ந்த ஒன்றை, ஏட்டைத் தொட்டறியாத மூதாட்டியும் இந்த ஒரே சொல்லால் அளந்துவிடுகிறாள். எழுதப் படிக்க அறியாத மக்கள் தங்கள் துயரத்துக்கு எழுத்தைக் காரணமாகக் காட்டியது எண்ணிப் பார்க்கத்தக்கது. எழுதுகோல் அவர்கள் கையில் இல்லை. எழுதியவன் யார் என்பதும் தெரியவில்லை. எழுதப்பட்டது மட்டும் அவர்கள் தலைமீது இருந்தது.

1981ஆம் ஆண்டில், பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், தமிழாசிரியர் ஒருவர் மாலை நேர இலக்கிய வகுப்பு நடத்திவந்தார். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து பதினைந்து இருபது மாணவர்கள் மிதிவண்டியில் வந்து படித்தனர். ஒருநாள் திருக்குறளில் ஊழ் என்னும் அதிகாரம் பாடமாயிற்று. ஊழைக் காட்டிலும் வலிமையுடையது வேறில்லை என்னும் கருத்தோடு அவ்வதிகாரம் முடிவதை ஆசிரியர் விளக்கினார். மாணவர்கள் சோர்ந்துவிடலாகாது என்று கருதி, உடனே ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்துக்குத் தாவினார். தளராது முயல்வோர் ஊழையும் தோற்கடிப்பர் என்று வள்ளுவரே அங்கே கூறுவதை எடுத்துக்காட்டினார். வழக்கம்போலத் தம் வாழ்க்கையையே அதற்குச் சான்றாக வைத்தார். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் படித்துத் தாம் ஆசிரியரான கதையை அம்மாணவர்கள் முன்பே பலமுறை கேட்டிருந்தனர்.

கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் எழுந்தான்.

“ஐயா, என் தாயார் இருபது ஆண்டுகளாகக் காலை நான்கு மணிக்கு எழுந்து மரம் வெட்டுகிறார். ஒருநாளும் தளர்ந்ததில்லை. இப்போது எங்கள் தோட்டத்தை விற்கப் போகிறார்களாம். அடுத்த ஆண்டு நாங்கள் எங்கே இருப்போம் என்றே தெரியவில்லை. என் தாயார் ஊழைத் தோற்கடித்துவிட்டாரா, ஐயா?”

அவன் குரலில் குறும்பு இல்லை. ஆசிரியரிடம் விடையும் இல்லை. அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி வகுப்பை முடித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி ஆசிரியரை உறங்கவிடவில்லை. தம் கதையில் தாம் ஒருபோதும் சொல்லாத பகுதி ஒன்று இருப்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் அவருடைய தந்தையார் நோயுற்று இறந்தார். அப்போது அவருக்கு வயது ஒன்பது, அக்காளுக்குப் பதின்மூன்று. தோட்டப் பள்ளியில் இருவரும் படித்தனர். கணக்கிலும் கையெழுத்திலும் அக்காளே முதல்வி. தாயார் ஒருவரின் கூலி மூவருக்கும் போதவில்லை. ஒரு திங்கட்கிழமை, அக்காள் புத்தகப் பையை எடுக்காமல் பால் வாளியை எடுத்துக்கொண்டு தாயாரின் நிரைக்குத் துணையாகச் சென்றாள். மங்கு துடைத்தாள், பால் எடுத்தாள், பிறகு உளியும் பிடித்தாள். சில ஆண்டுகளில் அவள் பெயரும் செக்ரோலில் ஏறியது. தம்பி பள்ளிக்குச் சென்றுகொண்டே இருந்தான். மண்ணெண்ணெய் விளக்கில் அவன் படித்தது உண்மை. அந்த விளக்குக்கு எண்ணெய் வாங்கிய கூலி யாருடையது என்பதை மட்டும் அவன் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

அந்த வாரமே ஆசிரியர் அக்காளைப் பார்க்கப் போனார். அவள் இன்னும் மரம் வெட்டிக்கொண்டுதான் இருந்தாள். பெரட்டுக்குப் போய், வெட்டி முடித்து, பால் நிறுத்துவிட்டு வந்து, வீட்டு வாசற்படியில் அமர்ந்திருந்தாள். தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அக்கா, அன்னிக்கு நீ படிப்பை விட்டது உன் தலையெழுத்தா? இல்லே, நீயா எடுத்த முடிவா?”

அக்காள் சிரித்தாள். “முடிவுன்னு சொன்னா, யார் யார் என்ன முடிவு எடுத்தாங்கன்னு கணக்குப் பாக்கணும் தம்பி. அம்மாவைக் கேக்கணும். கிராணியைக் கேக்கணும். உன்னையும் கேக்கணும். தலையெழுத்துன்னு சொல்லிட்டா யார் மேலேயும் கோபம் வராது.”

அந்த விடையில் விதிக் கொள்கையின் முழு வலிமையும் அடங்கியிருந்தது. விதியை நம்புவோரை மூடர் என்று எள்ளுதல் எளிது. ஆயினும், தாங்கமுடியாத இழப்பைத் தாங்கிக்கொண்டு, உடன்பிறந்தாரை வெறுக்காமல், மறுநாள் காலை நான்கு மணிக்கு மீண்டும் எழுவதற்கு அந்த நம்பிக்கை துணைசெய்தது என்றால், அதனை எள்ளும் உரிமை யாருக்கு உண்டு? தன் கோபத்தை அடக்குவதற்காக அவள் விதியை ஏற்றாள். அவள் அடக்கிய கோபத்தால் நன்மை பெற்றவர் தம்பி.

எனினும், அவள் பார்க்க மறுத்த அந்தக் கணக்கைப் பார்ப்பது கற்றவர் கடமை. வரலாறு என்று நூல்கள் பேசுவது அந்தக் கணக்கையே.

மரம் வெட்டும் தமிழன் மலாயாவுக்கு வந்தது எவ்வாறு? 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 இரப்பர் விதைகளை இலண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசேர்த்தார். அதே ஆண்டில் சென்னை மாநிலத்தில் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் பெரும்பஞ்சம் தொடங்கியது. ஒன்றை மற்றொன்று அறியாது. விதையை எடுத்துச் சென்றவர் சேலத்துக் குடியானவனை எண்ணவில்லை. சேலத்துக் குடியானவன் பிரேசில் என்னும் பெயரையே கேட்டிருக்கமாட்டான். 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று, மரத்தின் உயிர்ப்பகுதிக்குக் காயம் நேராமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பின்னர் வகுத்தளித்தார். அதே 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் இரப்பரைத் தோட்டப் பயிராக நடத் தொடங்கினார். காப்பியின் விலை வீழ்ந்து கலங்கியிருந்த வெள்ளைத் துரைமாரும் இரப்பர் பக்கம் திரும்பினர்.

ரிட்லி வகுத்த முறைக்கு ஓர் இயல்பு உண்டு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு வடியும். ஒவ்வொரு மரத்தையும் கை தொட்டே வெட்டவேண்டும். எந்திரம் செய்யக்கூடிய வேலை அன்று. ஆகவே விடியுமுன் எழும் ஆயிரமாயிரம் கைகள் தேவைப்பட்டன. அக்கைகளைப் பஞ்சமும் நிலமின்மையும் சாதிக்கொடுமையும் நாகப்பட்டினத்துத் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் தள்ளிக்கொண்டுவந்தன. முதலில் ஒப்பந்தக் கூலிமுறை. 1910இல் அம்முறையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்ட பின்னர்க் கங்காணி முறையே ஓங்கியது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது தொடர்ந்தது. ஊரில் உறவு சொல்லி ஆள் சேர்த்த கங்காணிக்கு ஆள்கணக்கில் பணம் கிடைத்தது. கைநாட்டு வைத்தவனுக்குத் தாளில் எழுதியிருந்தது என்னவென்று தெரியாது.

இக்கணக்கில் வானம் பொய்த்தது யாருடைய முடிவும் அன்று. அதை ஊழ் என்றே சொல்லலாம். ஆனால், ஏனையவை அனைத்தும் மனிதர் எடுத்த முடிவுகள். 1920களின் இறுதியில், முதன்மையான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அரசு ஒப்பிய தரக்கூலி. உலகச் சந்தையில் விலை வீழ்ந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது; பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு என்று எந்தப் பிரமனும் எழுதவில்லை. ஓர் அலுவலகத்தில், ஒரு மேசைமீது, மையால் எழுதப்பட்ட கையெழுத்து அது. அந்தக் கையெழுத்தே லயத்துக்கு வந்து சேர்ந்தபோது தலையெழுத்து என்று பெயர் பெற்றது.

ஒருவருடைய தெரிவு மற்றொருவருக்குச் சூழ்நிலை ஆகிறது. அந்தத் தெரிவைச் செய்தவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தால், அச்சூழ்நிலை விதியாகிவிடுகிறது. ஆசிரியர் பல இரவுகள் எண்ணிக் கண்ட உண்மை இதுவே.

இந்த உண்மையோடு மீண்டும் திருக்குறளைப் பார்த்தபோது, பல்லாண்டு பாடம் நடத்தியும் கவனியாத ஒன்று அவருக்குப் புலப்பட்டது. ஊழ், முப்பத்தெட்டாம் அதிகாரம். அறத்துப்பாலின் இறுதியில் தனித்து நிற்கிறது. இல்லறமும் துறவறமும் பேசி முடித்த இடத்தில், இவ்வளவும் செய்த பின்னரும் கைக்கு எட்டாதது ஒன்று உண்டு என்று அடக்கத்தோடு ஒப்புக்கொள்ளும் அதிகாரம் அது. ஆள்வினையுடைமையோ அறுபத்திரண்டாம் அதிகாரம், பொருட்பாலில் வருகிறது. பரிமேலழகர் வகுத்த வரிசையில் அஃது அரசியல் என்னும் பகுதிக்குள் அடங்கும். தளராத முயற்சி என்னும் கட்டளை, முதற்கண் ஆள்வோனை நோக்கியே நிற்கிறது. ஏழைக்கும் அது பொருந்தாது என்பதன்று கருத்து. ஏழைக்கு மட்டும் அதைச் சொல்லிவிட்டு ஆள்வோனை விட்டுவிடுவது பொருந்தாது என்பதே கருத்து. நடைமுறையிலோ இரண்டும் இடம் மாறிவிட்டன. இருபது ஆண்டு உழைத்தவளிடம் இன்னும் முயற்சி செய் என்கிறோம். முயலவேண்டிய பொறுப்புடையவரோ, அவர்கள் தலையெழுத்து அப்படி என்று கூறி அமைகின்றனர்.

உயிர் வாழ்வதற்காக ஒருவன் இரக்கவேண்டுமென்று விதித்திருந்தால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடுவானாக என்று இரவச்சம் என்னும் அதிகாரத்தில் சினந்தவரும் அதே வள்ளுவர்தாம். எல்லாம் முன்னரே முடிந்தவை, மனித முயற்சிக்கு இடமில்லை என்று நியதி பேசிய ஆசீவகர் கொள்கையை மணிமேகலையும் நீலகேசியும் எடுத்து விவாதித்துள்ளன. தமிழ் மரபு விதியை வாய்மூடி ஏற்ற மரபன்று. அதனோடு வாதிட்டு வந்த மரபு.

மலாயாத் தோட்டங்களிலும் அவ்வாதம் நடந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டனர். அதனோடு இன்னொன்றும் கேட்டனர். துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். கூலியை உயர்த்துமாறு கேட்பதை வயிற்றின் கோரிக்கை எனலாம்; மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டோம் என்பது தலையின் கோரிக்கை. அவர்களுக்குத் துணைநின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு சப்பானியர் கைக்கு மாறியது. சயாம் மரண இரயில்பாதை ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழரை விழுங்கியது. முயன்றவர் அனைவரும் வென்றனர் என்று கூறினால் அது பொய். ஆயினும், தலையெழுத்து என்று தாங்கள் கருதியிருந்த ஒன்றை, இஃது ஒரு மனிதன் போட்ட கட்டளை என்று அவர்கள் அடையாளம் கண்டுகொண்டனர். அந்த அறிவு தோற்கவில்லை.

விடுதலைக்குச் சற்று முன்னும் பின்னும், வெள்ளையர் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுச் சென்றனர். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்னும் அச்சொல்லைக் கேட்டாலே லயங்கள் நடுங்கிய காலம் அது. வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் ஒரே நாளில் போய்விடும். அப்போது, 1960ஆம் ஆண்டில், அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். மரம் வெட்டுவோர் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதா என்று நகைத்தவர் உண்டு. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. பிறகு வேறு பல தோட்டங்களும் வந்து சேர்ந்தன.

ஆசிரியரின் அக்காளும் அச்சங்கத்தில் உறுப்பினர். அறுபதுகளின் நடுவில், நாட்கூலியில் மிச்சம்பிடித்துப் பத்து மாதம் பத்துப் பத்து வெள்ளி கட்டியவள். விண்ணப்பத் தாளில் பலர் கைநாட்டு வைத்தபோது, அவள் மட்டும் தோட்டப் பள்ளியில் பழகிய அழகிய எழுத்தில் கையெழுத்திட்டாள். சங்கம் வாங்கிய எந்தத் தோட்டத்திலும் அவள் வாழவில்லை. அவள் கட்டிய பணம், முகம் அறியாத ஒரு குடும்பம் எங்கோ ஒரு லயத்திலிருந்து வெளியேற்றப்படாமல் காத்தது. பிரேசிலிலிருந்து விதை எடுத்தவர் முகமறியாத மக்களின் வாழ்வை மாற்றியது போலவே, அவளும் முகமறியாத மக்களின் வாழ்வை மாற்றினாள். முன்னவர் அறியாமற் செய்தார். அவள் அறிந்து செய்தாள்.

சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை. இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் எண்ணெய்ப்பனை வந்தது. பின்னர் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. தோட்டம் விற்கப்பட்டபோது வீடில்லாமல் புறம்போக்கு நிலங்களில் குடியேறியவர் பலர். இதையும் மறைக்காமல் மாணவரிடம் சொல்லவேண்டும் என்று ஆசிரியர் தீர்மானித்தார்.

அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வந்து, முதலில் தம் அக்காளின் கதையைக் கூறினார். பிறகு அம்மாணவனை நோக்கிச் சொன்னார்:

“தம்பி, உன் தாயார் தோற்கவில்லை, அவருடைய முயற்சியில் குறையும் இல்லை. தனியொருவர் முயற்சி எட்டாத உயரத்தில் எழுதப்பட்டது அது. அதை ஊழ் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளும் உரிமை உன் தாயாருக்கு உண்டு. எனக்கும் உனக்கும் அந்த உரிமை இல்லை. நாம் படித்தவர்கள். யார் எழுதியது என்று நாம் தேடிப் பார்க்கவேண்டும். நாம் எழுதுவது யார் தலையில் போய் விழுகிறது என்றும் பார்க்கவேண்டும்.”

மாணவன் தலையசைத்தான். அந்த விடை அவனுக்கு வீடு தரவில்லை. ஆண்டு முடியுமுன் தோட்டம் விற்கப்பட்டது. குடும்பம் நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்தது. அவன் படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலைக்குச் சேர்ந்தான். தங்கை மட்டும் ஆசிரியர் வீட்டிலேயே தங்கி, அதே வகுப்பில் தொடர்ந்து படித்தாள். தேர்வுக் கட்டணம் கட்டும் காலம் வந்தபோது, ஆசிரியர் தாமே கட்டிவிட எண்ணியிருந்தார். அதற்குள் அஞ்சலில் ஒரு மணியார்டர் வந்தது. அடியில் அவன் கையெழுத்து இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அவருக்கு மகிழ்ச்சியும் உண்டாயிற்று. அதைவிட மிகுதியாக வருத்தமும் உண்டாயிற்று. ஒரு தலைமுறைக்கு முன் அக்காள் தம்பிக்குச் செய்ததை இன்று அண்ணன் தங்கைக்குச் செய்கிறான். அன்பினால் செய்யும் அத்தெரிவு மிக உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு பிள்ளை படிக்க இன்னொரு பிள்ளை படிப்பை விடவேண்டும் என்னும் நிலையை உயர்வு என்று போற்றிக்கொண்டே எத்தனை தலைமுறை இருப்பது? அதை எழுதியவன் பிரமன் அல்லன் எனின், திருத்தவேண்டியவர் யார்?

அதன்பின் அவர் தம் வாழ்க்கைக் கதையை வகுப்பில் கூறுவதை நிறுத்தவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் கதையை இன்றும் பழைய மாணவர்கள் நினைவுகூர்வர். ஆனால், அது பழையபடி தொடங்குவதில்லை. “எங்கள் அக்காள் ஒருநாள் புத்தகப் பையை எடுக்கவில்லை” என்றே அவர் தொடங்குவார்.